முட்டை ரூம் புரொஜெக்டர்

சித்தப்பா செய்த பொருள்களில் ஒன்றாவது, எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்பட்டதாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கோழிகளுக்குத் தானாகத் தீவனம் தள்ளும் வண்டி ஒன்று செய்தார். அது முதல் வரிசைக் கோழிகளுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மற்ற வரிசைகளுக்கு வெறும் சத்தத்தை மட்டும் கொண்டுபோனது. செல்போனில் கூப்பிட்டாலே மோட்டார் ஓடும்படி ஒரு கருவி செய்தார். யாரோ தவறான எண்ணுக்குக் கூப்பிட்டதில் எங்கள் சோளக்காடு விடிவதற்குள் ஏரியாகிவிட்டது.

அப்பாவின் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். சோளக்காடு மூழ்கிய வாரம் முழுக்க, சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் சொன்னேன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணைக்குள்ளேயே வீடு. எனவே அப்பாவின் மௌனத்திலிருந்து தப்பித்துப் போக யாருக்கும் வேறு இடமும் இல்லை.

நான் நாலாவது படித்தபோது சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஜேடர்பாளையம். தை பிறந்ததும் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனுக்கு இணையாக வந்து நிற்பாள். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிப்பாள். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்பதற்கு ஊரைச் சாட்சி வைக்கும் சடங்கு அது. உடன்பிறந்தவள் இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சித்தப்பாவுக்கு அவருடைய பெரியப்பா மகளை நிறுத்துவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குக் கூடப்பிறந்தவள் இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சேலத்தில் படிக்கப் போன இடத்தில் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவர் எங்கள் ஆட்கள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பு நடந்த கதை. அன்றைக்கு நின்ற பேச்சுதான். அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை, மற்றவர்களையும் சொல்ல விட்டதில்லை. எனக்கு அத்தையே கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. படம் போதவில்லை போலிருக்கிறது என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

தன் கல்யாணத்தில் தன் அக்காதான் வந்து நிற்க வேண்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டார். அப்பாவிடம் அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. எனவே அவர் ஒரு புரொஜெக்டர் செய்ய ஆரம்பித்தார்.

என்னிடம் சொன்ன காரணம் வேறு. முட்டை ரூம் சுவர் முழுக்கப் படம் தெரியும், தியேட்டருக்கு இனி நாமக்கல் போக வேண்டியதில்லை என்றார். நான் அன்றே பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். முட்டை ரூம் என்பது பண்ணையில் எடுக்கும் முட்டைகளை லாரி வரும் வரை அடுக்கி வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. சுவர்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பட்டப்பகலிலும் கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. உலகத்தில் தியேட்டராக ஆசைப்படும் அறை ஒன்று உண்டென்றால் அது எங்கள் முட்டை ரூம்தான் என்று எனக்குத் தோன்றியது.

யாரோ ஆபீசில் ஒதுக்கிய ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரைச் சித்தப்பா கொண்டுவந்தார். அதன் வயிற்றைப் பிரித்து, பின்னாலிருந்த விளக்குகளைக் கழற்றி வீசிவிட்டு, படம் தெரியும் கண்ணாடிப் பலகையை மட்டும் தனியே எடுத்தார். எடுத்துப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிற வெறும் கண்ணாடிதான் அது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சித்தப்பா என்னை முட்டை பார்க்கும் லைட்டுப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தால் உள்ளே ரத்தப் பொட்டு இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று தெரியும் அல்லவா, அதே வேலைதான் இதுவும் என்றார். பின்னால் பெரிய வெளிச்சம், நடுவில் இந்தக் கண்ணாடி, முன்னால் ஒரு லென்ஸ். கண்ணாடியில் இருப்பது சுவரில் போய் விழும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இன்று வரை அதைவிட நன்றாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

பந்தல்காரர்கள் வாசலில் கட்டும் போகஸ் லைட் ஒன்று, சூடு போக்க ஒரு சின்ன மின்விசிறி, பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட்ட ஏதோ மெஷினிலிருந்து எடுத்த தட்டை லென்ஸ், பிளைவுட் பெட்டி. முதல் வெள்ளோட்டத்துக்குத் தீவனக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த விளம்பர சிடியைத்தான் போட்டார். சுவரில் கோழிகள் வந்தன. ஆனால் மார்கழிப் பனிக்குள் மேய்வது போல வந்தன. எது கொண்டை, எது வால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வழியாகப் போன அப்பா கதவைத் திறந்து பார்த்தார். கோழியைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே வந்தால் போதாதா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா இரண்டு மூன்று நாள் மானிட்டர் கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய இடம் லேசாகச் சொரசொரத்தது. ஆபீஸ் டியூப்லைட் திரையில் பட்டுக் கண் கூசக்கூடாது என்று கம்பெனியே போட்டு அனுப்புகிற பூச்சாம் அது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை உடைத்துவிடும். ஆனால் அதற்கு உள்ளே எது, வெளியே எது என்ற பேதம் தெரியாது. உள்ளேயிருந்து கிளம்பும் நம்முடைய படத்தையும் சேர்த்து உடைத்துவிடுகிறது. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி வழியாகப் படம் பார்ப்பது மாதிரிதான் என்றார். அந்தப் பூச்சை உரித்துவிட்டால் சுவரில் படம் பளிங்காக விழும்.

அதற்கும் ஒரு வழி இன்டர்நெட்டில் எழுதியிருந்தது. கண்ணாடியின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஒரு பகல் முழுக்க ஊற வைக்க வேண்டும். பூச்சு மட்டும் உப்பிக்கொண்டு வரும். அதை ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்படக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாகப் பின்னாளில் சித்தப்பாவே சொன்னார்.

ஆனால் அவருக்கு நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முட்டை லாரி போனதும் முதல் படம் பார்க்க வருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ள வைத்தது அம்மா. அடுத்த நாள் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறார்கள். அதில் பெரியப்பா மகளின் பெயர் ஏறிவிட்டால் பிறகு இணைச்சீருக்கு ஆளை மாற்ற முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் படம் மங்களகரமாக இருக்கட்டும் என்று அம்மா தன் கல்யாண சிடியைப் பீரோவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, இதைவிடச் சண்டைப் படம் ஏதாவது போட்டிருக்கலாமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த சிடியை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆல்பத்திலிருந்து ஒருத்தியின் படத்தை மட்டும் உருவிவிடலாம், சிடியிலிருந்து அப்படி உருவ முடியாது என்பதால்தான் அது பீரோவின் அடிக்குப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்துக் காலையிலேயே ஒரு ஷெட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அதைச் சரிசெய்துவிட்டுச் சித்தப்பா வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. துணி நனைந்து, பூச்சு ஊறி, உப்பி வருவதற்குள் அப்பா வந்து உட்கார்ந்துவிடுவார். கோழிப்பண்ணையில் வளர்ந்தவனுக்கு எதையும் சீக்கிரம் உரிக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். கறிக்கோழியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் இறகு கையோடு வந்துவிடும் அல்லவா. சித்தப்பா அடுப்பில் தண்ணீர் வைத்தார். கண்ணாடியின் ஓரத்தில் இருந்த ஒயர்களில் படாமல் துணியை விரித்து, மேலே பதமாகச் சுடுதண்ணீரை ஊற்றினார். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. பார்த்தாயா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் நகம் மெல்லிசு என்பதால் முனையைக் கிளப்பிவிடும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் இழுக்க, ஷீட் பரபரவென்று உரிந்துகொண்டு வந்தது. பாதியில் கிழிந்தது. மிச்சத்தையும் உரித்தார். மெல்லிய பூச்சு என்று சொன்னதற்கு அது நல்ல தடிமனாக, கூலிங்கிளாஸ் நிறத்தில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

கண்ணாடியைப் பெட்டிக்குள் மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, அதை முட்டை பார்க்கும் லைட்டுப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்தார். கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டார். நாதஸ்வரம் கேட்டது. யாரோ யாரையோ பந்தலுக்குக் கூப்பிடுவது கேட்டது. கண்ணாடி மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி மாட்டினார். வெள்ளை. சிடியை எடுத்துத் துடைத்துப் போட்டார். வெள்ளை. பூச்சோடு ஒட்டிக்கொண்டு அதற்கடியில் இருந்த இன்னொரு ஷீட்டும் வந்துவிட்டது. படத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே அந்த அடி ஷீட்தான். சித்தப்பாவுக்கு அது புரிந்த நேரமும் அப்பா கதவைத் திறந்த நேரமும் ஒன்றாக இருந்தன.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலி முட்டை அட்டைகளின் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். பின்னாலேயே அம்மாவும் வந்து கதவோரம் நின்றாள்.

"ஓடுதா?"

"சத்தம் மட்டும் ஓடுதுங்ணா" என்றார் சித்தப்பா.

தீவன வண்டியின் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அது என்ன சிடி என்று கேட்டார்.

"நம்ம கல்யாணந்தானுங்க" என்றாள் அம்மா.

அப்பா எழுந்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் என்று சொல்ல முடியாத, ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அமைதி அவர் முகத்தில் வந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் உழைப்பும் போயிற்றே என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எனக்குக் கை சும்மா இருக்காது. தரையில் கிடந்த கிழிந்த ஷீட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் மூட்டமாகத் தெரிந்தது. ஆனால் லைட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பியபோது அந்த மூட்டத்துக்குள் ஏதோ நிறம் அசைந்தது. கிட்டே போனேன். ஷீட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். அந்தத் துண்டு இருந்த இடத்தில் மட்டும் படம் இருந்தது. சுற்றிலும் வெள்ளை. துண்டைக் குறுக்கே திருப்பினால் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் மாறியது, நேரே பிடித்தால் சரியாக இருந்தது. நான் அதை மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். தலையில் உருமால் கட்டிய அப்பா வந்தார், மீசை எல்லாம் புதிதாக. அவர் கையில் சேலை முனை. சேலையைத் தொடர்ந்து போனேன். மறுமுனையில் வளையல் போட்ட ஒரு கை. அதற்கு மேலே ஒரு பெண்ணின் முகம். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

"இது யாருங்கப்பா?" என்று கேட்டேன்.

கதவைத் திறக்கப் போன அப்பா நின்றார். நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்கள் சில சமயம் இப்படித்தான், காது கேட்காது என்று நினைத்து நான் இன்னொரு தரம் கேட்டேன்.

அப்பா வந்து என் பக்கத்தில் குனிந்தார். என் கையிலிருந்து ஷீட்டை வாங்கி, நான் பிடித்திருந்த இடத்திலேயே பிடித்தார். படத்தில் அந்தப் பெண் அசைந்தாள். அப்பாவின் கையும் அசைந்தது. அவள் யாரிடமோ திரும்பி ஏதோ சொன்னாள். அப்பாவின் கை அந்தப் பக்கம் போனது. கேமராக்காரர் அவளை விட்டுவிட்டுப் பந்தலைக் காட்டினார், சமையல்காரர்களைக் காட்டினார். மறுபடி அவள் ஓரத்தில் வந்தபோது அப்பாவின் கை அதற்குள் அங்கே போய்க் காத்திருந்தது. படத்திலிருந்த தன் முகத்தின் பக்கம் அவர் ஒருதரம்கூட ஷீட்டைக் கொண்டுபோகவில்லை. புரொஜெக்டரில் என்ன கோளாறு என்று அப்பா இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சுவர் முழுக்க அவள் முகம் விழுந்திருந்தால் அப்பா அந்த நிமிஷமே வெளியே போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளங்கை அகலம் என்பதால்தான் கிட்டே போய்த் தேட வேண்டியிருந்தது. சித்தப்பா நினைத்தது போல அந்தப் புரொஜெக்டர் வேலை செய்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

சிடி நின்றது. அப்பா நிமிர்ந்தார். சித்தப்பாவைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், முட்டை அட்டைகளைப் பார்த்துக் கேட்டார்.

"சேலத்துக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?"

சித்தப்பா பதில் சொன்னார். நாளைக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டாம், ரெண்டு நாள் போகட்டும் என்று அப்பா சொன்னார். அதையும் அம்மா வழியாகச் சொல்லவில்லை, நேராகவே சொன்னார். எனக்கோ வேறு சந்தோஷம். சேலத்தில் கிடைக்காத பொருள் இல்லை என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். அப்பா புது ஷீட் வாங்கத்தான் போகிறார். கடைக்காரர் வேறு எதையாவது கொடுத்து ஏமாற்றிவிடக்கூடாதே என்று, மறுநாள் காலையில் அந்தக் கிழிந்த துண்டை நானே அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். இதே மாதிரி பெரிதாக ஒன்று என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்பா சரி சாமி என்றார்.

அன்று சாயங்காலம் பண்ணைக் கேட்டிலேயே நின்றிருந்தேன். அப்பா வெறுங்கையோடு வந்தார். ஷீட் எங்கே என்றேன். கிடைக்கவில்லை என்றார். சட்டைப் பையைப் பார்த்தேன், மாதிரிக்குக் கொடுத்த துண்டையும் காணோம். ஒரு நாள் முழுக்கச் சேலத்தில் இருந்துவிட்டு வந்த மனிதரால் ஒரு ஷீட் வாங்க முடியவில்லை, கொடுத்ததையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். என்னைவிட அதிகமாக வருத்தப்பட வேண்டிய சித்தப்பாவோ, பெட்டியிலிருந்து லென்ஸைக் கழற்றி, நீயே வைத்து விளையாடு, எனக்கு இனி வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். ஒரு தரம் கெட்டுப்போனதற்காக இப்படிக் கைகழுவுகிறாரே, இதனால்தான் இவர் செய்வது எதுவும் உருப்படுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வைத்திருந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று யாருமே யோசிக்கவில்லை.

தை மாதம் கல்யாணத்தில் இணைச்சீருக்கு வந்து நின்றது பெரியப்பா மகள் இல்லை. நான் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், மூக்கு அப்படியே இருந்தது. இதுதான் உன் அத்தை, கும்பிடு என்றாள் அம்மா. எனக்கு அத்தை உண்டு என்பதை எல்லோரும் ஏதோ காலையில்தான் வாங்கி வந்தது போல் சொன்னார்கள். சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றபோது அப்பா கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் அத்தை என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டாள். நான் சொல்வதைக் கேட்க ஆள் கிடைத்ததே போதும் என்று முழுக் கதையையும் சொன்னேன். சுடுதண்ணீர், உரிந்த ஷீட், வெள்ளைக் கண்ணாடி, சேலத்துக்குப் போயும் வாங்காமல் வந்த அப்பா, தொலைந்துபோன மாதிரித் துண்டு, எதையும் விடவில்லை. அத்தை இலையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் கைப்பையைத் திறந்து, பர்சுக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். கூலிங்கிளாஸ் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், என் நகம் பட்ட மூலை மடிந்தபடி அதே துண்டு.

"உங்கப்பா எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு வேற ஒண்ணும் பேசல சாமி. இதத்தான் எடுத்து நீட்டுனாரு. என்னன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு ஷீட் கிழிந்ததற்கு என்னைவிட அதிகமாக வருத்தப்படும் ஆளை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அழாதீங்கத்தை, சேலத்தில் தேடினால் புதுசு கிடைக்கும், அப்பாவுக்குத்தான் கடை தெரியவில்லை என்று அவள் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னேன்.